நமக்குப் பின் அவர்கள் எங்கே வாழ்வார்கள்?



“எங்கள் கண் மூடிய பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பது?” புத்தி வளர்ச்சி குறைந்த ஒரு மகனையோ மகளையோ வளர்க்கும் பெற்றோரில் இக்கேள்வியைத் தமக்குள் கேளாதவர் இல்லை. வாய்விட்டுக் கேட்பவர் சிலரே. வேறு சிலர், “எனக்கு முதல் ஆண்டவர் அவனை எடுத்துக்கொள்ளட்டும்” என்று செபிப்பதும் உண்டு. அச் செபத்தைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அந்த வீட்டில் ஓர் இரவாவது தங்கிப் பார்த்தவர்கள் அல்லர். அங்கே அன்புக்குக் குறைவில்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவே. வேறு வழிகள் உண்டா, அவை எப்படிப்பட்டவை, அவற்றுள் நமக்கு உதவக்கூடியது எது என்பதே இவ்வாரப் பாடம்.

இக் கேள்வி நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. அன்று இத்தகைய பிள்ளைகளில் பலர் பெற்றோருக்கு முன்னரே இறந்தனர். டவுன் சின்ட்ரோம் எனப்படும் பிறவி நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1983 ஆம் ஆண்டில் அத்தகையோரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 25 வருடங்கள். இன்று அது 60 வருடங்கள் அளவில் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இருதயக் குறைபாட்டுடன் பிறப்பவர்கள். அக் குறைபாட்டைச் சத்திரசிகிச்சையால் திருத்த முடிந்ததே ஆயுள் கூடியதற்கு முக்கிய காரணம். ஆகவே தாய் எண்பதிலும் மகன் ஐம்பதிலும் ஒரே வீட்டில் இருக்கும் நிலை இன்று சாதாரணமாகிவிட்டது. அத்துடன், முன்பு ஒரே வளவில் நாலு சகோதரங்கள் இருந்த இடத்தில் இன்று ஒருவர் கனடாவில், ஒருவர் லண்டனில், ஒருவர் கொழும்பில். வீட்டில் மிஞ்சியிருப்பது வயோதிபப் பெற்றோரும் அந்தப் பிள்ளையும்தான்.

மேலே செல்லுமுன் பெயரைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தில் இவர்களைக் ‘கற்றல் இயலாமை உடையோர்’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் கெட்டிக்காரப் பிள்ளைகளை அச் சொல் அங்கே குறிப்பதில்லை. பிறவியிலோ சிறுவயதிலோ தொடங்கி, புதியவற்றை விளங்கிக்கொள்வதற்கும் தனித்து வாழ்வதற்கும் ஆயுள் முழுவதும் துணை தேவைப்படுவோரையே குறிக்கிறது. இது மனநோயும் அன்று. மனநோய் இடையில் வரலாம், சிகிச்சையால் குணமாகலாம். இந் நிலை மாறாது. ஆயினும் பழக்கத்தாலும் பொறுமையான கற்பித்தலாலும் இவர்கள் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

பெரிய கட்டடங்களின் கதை

இங்கிலாந்தை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. பெருங்கட்டடம் முதல் தனி வீடு வரை எல்லா வழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்த்த நாடு அது. நடந்த பிழைகளை விசாரித்து அச்சிட்டு வெளியிடும் வழக்கமும் அங்கே இருக்கிறது. நம்மவர் பலர் அங்கே குடியிருந்து, இத்தகைய பிள்ளைகளுக்காக அந்நாட்டு அலுவலகங்களின் வாசலில் நிற்பவர்களாயும் இருக்கின்றனர்.

ஒரு காலத்தில் அங்கே புத்தி வளர்ச்சி குறைந்தோருக்கு ஊருக்கு வெளியே பெரிய வைத்தியசாலைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். 1970 அளவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் வாழ்ந்தனர். வாழ்ந்தனர் என்பதைக் கவனியுங்கள்; அவர்கள் நோயாளர் அல்லர். வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகரிலிருந்த ஈலி வைத்தியசாலையில் நடந்த கொடுமைகளை அங்கு வேலை செய்த ஒருவர் வெளியிட, 1967 இல் ஒரு ஞாயிறு பத்திரிகை அதை அச்சிட்டது. விசாரணை அறிக்கை 1969 இல் வெளிவந்தது. அடி உதையைவிட வேறொன்று அதில் அதிகம் வெளிப்பட்டது: முறையிட்டவர்களின் வாய் அடைக்கப்பட்டிருந்தது. 1971 இல் அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கை மூலம், இருபது வருடங்களில் அவ்வைத்தியசாலைக் கட்டில்களைப் பாதியாகக் குறைப்பதென்று தீர்மானித்தது. பாதியோடு நிற்கவில்லை. 2009 இல் தென் லண்டனிலிருந்த ஓர்ச்சர்ட் ஹில் மூடப்பட்டதோடு அந்த நீண்டகால வைத்தியசாலைகளின் காலம் முடிவுற்றது. அதே 2009 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் திகதி, நம்மவர் பெருந்தொகையாய் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணமும் தன் கடைசி மூன்று நிலையங்களை மூடியது.

இந் நிலையங்களில் பணியாற்றியோர் எல்லாரும் கல் நெஞ்சர் என்று எண்ணிவிட வேண்டாம். பலர் மிக நல்லவர்கள். ஆனால் ஐம்பது பேரை இரண்டு பேர் எழுப்பி, குளிக்கவார்த்து, உடுத்தி, உணவூட்ட வேண்டுமென்றால், எட்டு மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும். உடுப்புப் பொதுவில் இருந்து எடுக்கப்படும். பசித்தவனுக்கும் பசியாதவனுக்கும் ஒரே நேரம் உணவு. இப்படி இருபது வருடம் வாழ்ந்தவனிடம் “உனக்கு என்ன விருப்பம்?” என்று கேட்டால், கேள்வியே அவனுக்கு விளங்காது. ஏற்பாடு பிழையாயிருக்கும்போது நல்ல மனிதர் மட்டும் போதாது.

கூரை யாருடையது, கை யாருடையது?

பெரிய கட்டடங்கள் மூடப்பட்டபோது, அவற்றிலிருந்து வெளியே வந்தவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் இரண்டு விதமான வீடுகளுக்கு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்பார்வைக்குத் தெரியாது. இரண்டும் சாதாரணத் தெருவிலுள்ள சாதாரண வீடுகள். இரண்டிலும் நாலைந்து பேர் இருக்கலாம், உதவியாளரும் இருப்பர். ஆனால் வேர் வேறு.

முதலாவது, பராமரிப்பு இல்லம். கட்டடமும் உதவியாளரும் ஒரே நிர்வாகத்துக்குச் சொந்தம். தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு யாவும் ஒரே கட்டணத்தில் அடங்கும். உள்ளூராட்சிச் சபை செலவைப் பொறுக்குமாயின், அங்கு வாழ்பவரின் வருமானத்தில் பெரும் பகுதி அதற்கே போய்விடும். கைச்செலவுக்கு வாரம் சுமார் 30 பவுண் அவருக்கு விடப்படும். அவர் அங்கே வாடகைக் குடியிருப்பாளர் அல்லர். இந்த இல்லங்களை அரசாங்கப் பராமரிப்புத் தர ஆணைக்குழு பரிசோதித்து அறிக்கை வெளியிடுகிறது.

இரண்டாவது, துணையுடன் கூடிய குடியிருப்பு. இங்கே வீட்டு வாடகை ஒப்பந்தம் அவருடைய பெயரில் இருக்கும். வீட்டுக்காரர் பெரும்பாலும் ஒரு வீடமைப்புச் சங்கம். வாடகைக்கு அரசாங்க உதவிப்பணம் கிடைக்கும். சமையலுக்கும் குளிப்புக்கும் கடைக்குப் போவதற்கும் துணை செய்பவர்கள் வேறொரு நிறுவனத்திலிருந்து வருவார்கள். கூரை ஒருவருடையது, கை இன்னொருவருடையது.

இதிலே என்ன பெரிய விசேஷம் என்று கேட்கலாம். ஒரு பிணக்கு வரும் நாளில்தான் விசேஷம் தெரியும். பராமரிப்பு இல்லத்தில் உதவியாளர் கடுமையாக நடந்தால், பெற்றோர் முறையிடத் தயங்குவர். ஏனென்றால் “பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு போங்கள்” என்ற பதில் வந்தால் கட்டில், கூட்டாளிகள், பழகிய தெரு யாவும் ஒரே நாளில் போய்விடும். மற்ற முறையில், உதவி செய்யும் நிறுவனத்தை மாற்றலாம். பிள்ளை தன் வீட்டிலேயே தன் கட்டிலிலேயே இருப்பான். வெளியேற வேண்டியவன் அவன் அல்ல.

ஆயினும் இரண்டாவது முறையைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதற்கில்லை. உள்ளூராட்சிச் சபையிடம் பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது துணையின் மணித்தியாலங்கள். வாரம் முப்பது மணி வந்தவர் இருபது மணி வருவார்; மிச்ச நேரத்தில் அவன் தொலைக்காட்சிக்கு முன்னால் தனித்து இருப்பான். முன்கதவு அவனுடையதுதான், ஆனால் அதைத் தட்ட ஒருவரும் வருவதில்லை என்ற நிலையும் அங்கே உண்டு. சில இடங்களில் வீட்டுக்காரரும் உதவி நிறுவனமும் இரண்டு பெயரில் இயங்கும் ஒரே கையாக இருப்பதும் உண்டு. அப்போது பிரிவு கடதாசியில் மட்டுமே. பரிசோதகரும் அங்கே உடல்சார்ந்த பராமரிப்பைத்தான் பார்ப்பார். வீட்டைப் பார்ப்பது அவருடைய பொறுப்பன்று. இரவில் வலிப்பு வரக்கூடியவருக்கு, அல்லது எந்நேரமும் தாதியின் கை தேவைப்படுபவருக்கு, நல்லதொரு பராமரிப்பு இல்லமே பொருத்தமாக இருக்கக்கூடும். எமக்கு இரண்டாவது முறையில் விருப்பம் அதிகம். ஆனால் அயலும் உறவும் கோயிலும் சேர்ந்து வராவிட்டால் அது ஒரு வாடகை அறை மட்டுமே.

எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் பூந்தோட்டத்தையும் புதுப் பெயின்ரையும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். வீட்டுத் திறப்பு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். காலையில் பாணா புட்டா என்பதை யார் தீர்மானிக்கிறார் என்று கேளுங்கள். முன்னறிவித்தலின்றி ஒரு தாய் வந்தால் மகளின் அறைவரை போக விடுவார்களா என்பதை எல்லாவற்றுக்கும் முதலில் கேளுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறிஸ்ரல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் வைத்தியசாலை இருந்தது. பழைய பெருங்கட்டடம் அல்ல. 24 பேருக்கான புதிய கட்டடம். 2011 ஆம் ஆண்டு பி.பி.சி. செய்தியாளர் ஒருவர் இரகசியமாக அங்கே வேலைக்குச் சேர்ந்து, உதவியாளர் நோயாளரை அடிப்பதையும் அவமதிப்பதையும் படம் பிடித்து ஒளிபரப்பினார். 2012 இல் 11 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் 6 பேர் சிறை சென்றனர். விசாரணையில் தெரிந்த ஒரு விடயம்: வருகை தந்த உறவினர் மேல்மாடி அறைகளுக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. அதன் பின், தேவையின்றி வைத்தியசாலைகளில் வைக்கப்பட்டிருப்போர் எல்லாரையும் 2014 ஜூன் மாதத்துக்குள் ஊர் வீடுகளுக்கு மாற்றுவதாக அரசாங்கம் வாக்களித்தது. அத் தவணை தவறியது. கட்டடம் சிறிதாய் இருப்பதும் புதிதாய் இருப்பதும் பாதுகாப்பு ஆகாது. பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும்.

பிறர் வீட்டில் ஒரு பிள்ளை

இல்லமும் அல்ல, தனி வீடும் அல்ல. இன்னொரு குடும்பத்தில் ஒருவராய் வாழ்வது மூன்றாவது வழி. பிரித்தானியாவில் ‘பகிர்ந்த வாழ்வு’ என்று பொருள்படும் பெயரில் இதை நடத்துகிறார்கள். ஒரு குடும்பம் தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்து, உணவிலும் பண்டிகையிலும் அவரைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்குக் கொடுப்பனவு பெறுகிறது. இங்கிலாந்தில் ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மேல் ஏற்கக்கூடாது. குடும்பத்தைப் பற்றிப் பலவாறு விசாரித்த பின்னரே அனுமதி. அதன் பிறகும் உடனே பெட்டியோடு அனுப்புவதில்லை. முதலில் ஒரு தேநீர், பின்பு ஒரு பகல், பின்பு ஓர் இரவு, பின்பு ஒரு வார இறுதி. இரு பக்கமும் ஒத்துப்போனால்தான் குடியேற்றம். இந்தப் படிமுறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நமக்குத் தேவைப்படும்.

இதன் மூதாதை பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது. அன்ற்வேர்ப் மாகாணத்திலுள்ள கேல் என்னும் சிறு பட்டணம் புனித டிம்ப்னாவின் கல்லறை இருக்கும் யாத்திரைத் தலம். மனநோயாளரினதும் புத்தி வளர்ச்சி குறைந்தோரினதும் பாதுகாவலியாக அவர் வணங்கப்படுகிறார். மத்திய காலத்தில் யாத்திரிகர் கூட்டம் பெருகி, கோயிலை அடுத்திருந்த நோயாளர் மண்டபத்தில் இடம் போதாமற் போனதால், ஊர்க் குடும்பங்கள் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தன. பலர் திரும்பிப் போகவில்லை. அரசாங்கம் பொறுப்பேற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1938 அளவில் அவ்வூர்க் குடும்பங்களில் 3,700 க்கும் அதிகமானோர் வாழ்ந்தனர்! இன்று அத்தொகை சில நூறுக்குள் சுருங்கிவிட்டது. விவசாயம் குறைந்து, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் ஆளில்லை என்பது ஒரு காரணம். 2023 இல் யுனெஸ்கோ நிறுவனம் இப் பாரம்பரியத்தை நல்ல பாதுகாப்பு முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

கேல் நகரில் எம் மனதைத் தொட்ட விடயம் ஒன்று உண்டு. அங்கு ஒரு வீட்டுக்கு இளைஞனாய் வந்தவர் அவ்வீட்டுத் தாய் தந்தை இறந்த பின், அதே வீட்டில் அவர்களுடைய மகனோடு அல்லது மகளோடு தொடர்ந்து வாழ்வதுண்டு. அந்தப் பிள்ளை அவரோடு வளர்ந்தது. அதற்கு அவர் புதியவரல்லர். நம் பெற்றோர் கேட்கும் கேள்விக்குக் கிடைத்த பழைய விடைகளில் இது ஒன்று.

கத்தோலிக்கருக்கு அதிகம் பழக்கமான பெயர் லார்ஷ். பிரெஞ்சு மொழியில் நோவாவின் ‘பேழை’ என்று பொருள். 1964 இல் பிரான்ஸ் நாட்டின் துறோஸ்லி என்ற கிராமத்தில் ஜோன் வனியே என்பவர், ஒரு நிலையத்திலிருந்து இரண்டு ஆண்களைத் தம்மோடு ஒரே வீட்டில் வாழ அழைத்து வந்தார். இன்று சுமார் 150 குழுமங்கள் பல நாடுகளில் உள்ளன. இந்தியாவில் முதலாவது வீடு 1970 இல் பெங்களூரில் ‘ஆஷா நிகேதன்’ என்ற பெயரில் தொடங்கியது. சென்னையிலும் ஒன்று உண்டு. உதவியாளரும் உதவி பெறுவோரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே வீட்டில் உறங்குவதே இதன் உயிர்நாடி.

வனியே 2019 இல் இறந்தார். அதன் பின் லார்ஷ் தானே ஏற்படுத்திய விசாரணைகள் 2020 இலும் 2023 இலும் வெளிவந்தன. ஆன்மீக வழிகாட்டல் என்ற போர்வையில் அவர் பல வருடங்களாகப் பெண்களைத் தகாத முறையில் பயன்படுத்தினார் என்றும், குறைந்தது 25 பெண்கள் பாதிக்கப்பட்டனர் என்றும் அறிக்கை கூறியது. குறைபாடுடையோர் எவரும் அவ்வாறு பாதிக்கப்பட்டதாக விசாரணை காணவில்லை. இப் பத்திரிகையில் இதை மறைத்து எழுதுவது சரியன்று. உள்ளே இருப்போர் எவ்வளவு பக்தியுள்ளவராகத் தோன்றினாலும் வெளியிலிருந்து கணக்குக் கேட்கும் ஒருவர் வேண்டும். நம் இல்லங்களுக்கும் மடங்களுக்கும் இது பொருந்தும். அதே வேளை, அவ்வீடுகளில் இன்று வாழ்வோர் ஒரு மனிதரின் பாவத்தால் வீடிழக்கவில்லை. வீட்டின் பொறுப்பு அவர் ஒருவர் கையில் மட்டும் தங்கியிராததே காரணம்.

நம் வளவுக்குள்

இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றாற்றல் உள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. 2006 இல் நிறைவேறிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை நம் நாடு 2016 இல் உறுதிப்படுத்தியது; எங்கே, யாருடன் வாழ்வதென்று தெரிவுசெய்யும் உரிமை மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் உண்டு என அதன் 19 ஆம் உறுப்புரை சொல்கிறது. சொல்கிறது, உண்மைதான். ஆனால் இங்கிலாந்தில் உள்ளது போல, வாடகைக்கும் துணைக்கும் அரசாங்கம் பணம் தரும் ஏற்பாடு இங்கில்லை. இருப்பவை பெரும்பாலும் குடும்பமும், கன்னியரும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சில இல்லங்களும், பிரதேச செயலகம் மூலம் கிடைக்கும் சிறு உதவிப்பணமும்தான். ஆகவே வெளிநாட்டுக் கட்டடங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. அவர்கள் பட்டறிவில் இருந்து எதை நம் வளவுக்குள் கொண்டு வரலாம் என்பதே கேள்வி.

கூரையும் கையும் ஒரே ஆளிடம் கேள்வியின்றி இருக்கக்கூடாது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். நம்மிடையே வழக்கம் என்ன? வீட்டை இளைய மகளுக்குச் சீதனமாக எழுதி, “தம்பியை நீதானே பார்ப்பாய்” என்று சொல்லிவிடுகிறோம். அவளும் தலையசைக்கிறாள், கல்யாணத்துக்கு முதல்நாள் வேறென்ன செய்வாள்? மாப்பிள்ளையிடம் ஒருவரும் கேட்பதில்லை. உறுதியில் தம்பியின் பெயரே இல்லை. பத்து வருடம் கழித்து அவர்கள் வெளிநாடு போனால், அல்லது காணியை விற்றால், அவன் நிலை என்ன?

பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதுவது நமக்குப் பழக்கமானது. தமக்குப் பின் அப்பிள்ளையும் அவ்வீட்டில் ஆயுள்வரை வாழும் உரித்தை அதே உறுதியில் ஒதுக்கலாம். எழுத்தறிந்த நொத்தாரிசு ஒருவரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள்; அவராக நினைவூட்டமாட்டார். பணம் விடுவதாயின் நம்பிக்கைப் பொறுப்பு ஒன்றை ஏற்படுத்தலாம். அதற்கான கட்டளைச் சட்டம் 1917 முதல் இந்நாட்டில் இருக்கிறது. இப்படிக் கூரையை ஒருவரிடமும், மாதச் செலவை வெளிநாட்டிலுள்ள இன்னொருவரிடமும், நாளாந்தப் பார்வையை மூன்றாமவரிடமும் பிரித்துவிட்டு, நாலாவதாக ஒருவரை, அவனுடைய ஞானத்தாயையோ ஞானத்தகப்பனையோ, மாதமொரு முறை முன்னறிவித்தலின்றி வந்து பார்க்கும் ஆளாக நியமியுங்கள். ஞானப் பெற்றோர் என்ற பதவி திருமுழுக்குப் படத்தோடு முடிந்துவிடுவதில்லை.

அரசாங்க உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று: விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்தில், அங்கவீனமுற்ற பிள்ளைக்குச் சாதாரண வயதெல்லை கடந்த பின்னும் உரித்து உண்டு. ஆனால் பிள்ளையின் நிலை எந்த வயதில் தொடங்கியது என்பதற்கு வைத்தியச் சான்று கேட்பார்கள். பெற்றோர் இருவரும் இறந்த பின் ஒரு சகோதரி ஐம்பது வயதுத் தம்பிக்காக முப்பது வருடத்துக்கு முந்திய துண்டுகளைத் தேடுவது எவ்வளவு கடினம்! இப்போதே தேடி ஒரே உறையில் வையுங்கள்.

வெளிநாட்டிலுள்ள உறவினருக்கும் ஒரு சொல். அங்கே இத்தகைய பிள்ளையின் பெயரில் நேரடியாகப் பணத்தை எழுதி வைப்பது நன்மைக்குப் பதில் தீமையாகலாம். இங்கிலாந்தில் ஒருவரிடம் 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் பராமரிப்புச் செலவை அவரே ஏற்க வேண்டும். இதற்காகவே அங்கு முழு விருப்புரிமையுள்ள நம்பிக்கைப் பொறுப்புக்கள் எழுதப்படுகின்றன. ஒன்ராறியோவில் இதை ‘ஹென்சன் நம்பிக்கைப் பொறுப்பு’ என்பர்; 1980 களில் தன் மகளுக்காக ஒரு தந்தை இவ்வாறு எழுதியதை மாகாண நீதிமன்றங்கள் ஏற்றதிலிருந்து வந்த பெயர். அத்தகைய பொறுப்பிலுள்ள பணத்தைக் காரணங்காட்டி வாடகை உதவியை மறுக்க முடியாது என்று 2019 இல் கனடா உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில் தீர்த்தது.

இல்லத்தில் சேர்க்க நினைப்பவர்கள், சிலசமயம் காணியையே மடத்துக்குக் கொடுத்து “பிள்ளையைப் பாருங்கள்” என்கிறார்கள். கன்னியரின் அர்ப்பணத்தில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். ஆண்பிள்ளையை வளர்ந்த பின்னும் வைத்திருப்பார்களா? படுக்கையில் விழுந்தால்? இருபது வருடத்தின் பின் அந்த மடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஐம்பதுகளிலேயே மறதிநோய் வருவது அதிகம்; அதைப் பார்க்க ஆயத்தமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நல்ல இல்லம் இதற்குக் கோபிக்காது.

இனி, பணம் ஒரு சதமும் தேவைப்படாத விடயம் ஒன்று. அம்மாவை விட்டு ஓர் இரவும் பிரிந்திராத நாற்பது வயது மகன் பலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவன் முதன்முதலாக அம்மா இல்லாமல் படுக்கும் இரவு, அம்மாவை அடக்கம் செய்த இரவாக இருக்கும். ஏன் வீடு நிறைய ஆட்கள், ஏன் அம்மா எழும்பவில்லை என்று விளங்காத அவனை, அன்றே அறிமுகமில்லாத ஒரு வீட்டுக்கோ இல்லத்துக்கோ கூட்டிச் செல்வார்கள். இதைவிடப் பெரிய கொடுமையை நாம் வேண்டுமென்றே செய்ய முடியாது. ஆனால் அன்பினாலே செய்துவிடுகிறோம். பகிர்ந்த வாழ்வில் கண்ட அந்தப் படிமுறையை இங்கே கொண்டுவாருங்கள். ஒரு பின்னேரம் சித்தி வீட்டில் தேநீர். அடுத்த மாதம் ஒரு பகல். பின்பு ஓர் இரவு, அவனுடைய தலையணையோடும் போர்வையோடும். பின்பு நீங்கள் மடுவுக்குப் போகும் மூன்று நாட்கள். முதல் இரவு அவன் அழலாம், நீங்களும் அழுவீர்கள். நாலாம் தடவை அவனே பையை எடுத்து வைப்பான்.

சிலுவையில் தொங்கிய வேளையிலும் நம் ஆண்டவர் தம் தாயை ஒரு சீடரிடம் பெயர் சொல்லாமல் முகம் பார்த்து ஒப்படைத்ததை நினையுங்கள். “யாராவது பார்ப்பார்கள்” என்று விடவில்லை. அச் சீடரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஒப்படைக்கப்படுபவரும் ஏற்பவரும் நேரில் இருக்கும்போதே அந்தப் பேச்சு நடக்க வேண்டும். ஆகவே கிறிஸ்மஸுக்கோ திருநாளுக்கோ பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, எல்லாரையும் இருத்திக் கேளுங்கள். மருமகளையும் மருமகனையும் கேளுங்கள். “முடியாது” என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் கோபிக்காதீர்கள். பின்னால் கைவிடுவதைவிட இன்று சொல்வது நல்லது.

அவனையும் கேளுங்கள். பேச்சு வராத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். ஒரு வீட்டுப் படலையைக் கண்டதும் அவன் கால் வேகமாய் நடக்கிறதா, பின்வாங்குகிறதா? அங்கே சாப்பிடுகிறானா? இரவு உறங்குகிறானா? அவை எல்லாம் பதில்கள்தான்.

கடைசியாக, எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். அவனுடைய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, மருந்துகளின் பெயரும் நேரமும், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை முதற் பக்கங்களில் எழுதுங்கள். அதன் பின் எந்த அலுவலகமும் கேட்காதவற்றை எழுதுங்கள்: தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி, இடி முழக்கத்துக்குப் பயமா, குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் என்ன சொல்ல வேண்டும், வயிற்றுவலி என்றால் எந்தச் சைகை காட்டுவான், கோயிலில் எந்த இடத்தில் இருக்க விருப்பம், எந்தப் பாட்டைக் கேட்டால் அழுகை நிற்கும். ஐம்பது வருடமாக உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் விடயங்கள் இவை. மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டு அலுமாரியில், ஒன்று ஞானத்தாயிடம், ஒன்று பங்கு மனையில்.